‘டக்’னு ஒரு சத்தம்... ஹார்ட்டே நின்னு போச்சு!

உருமாறும் ரோபோ பொம்மையா, நாமே கட்டுற மாடல் கிட்டா? ஒரு ஹாஸ்டல் ரூம் பஞ்சாயத்து!

உங்க கையில் ஒரு போர் விமானம். நீளம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். அடியில் இருக்கிற ரெண்டு இன்ஜினையும் கீழே இழுக்கிறீங்க... அட, அது கால்! நடுவில் மடங்கிக் கிடந்ததை வெளியே எடுக்கிறீங்க... அது கை! மூக்கைக் கீழ் நோக்கி மடக்கினா நெஞ்சு. வயித்துக்கு அடியில் துப்பாக்கி மாதிரி துருத்திட்டு இருந்ததைத் திருப்பினா தலை. விமானம் போயே போச்சு. டேபிள் மேல எழுந்து நிக்குது ஒரு ரோபோ!

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வலது தோளை லேசா வெளியே இழுக்கணும். இழுக்கிறீங்க.

‘டக்!’

அந்தச் சத்தம் இருக்கே... செமஸ்டர் ரிசல்ட்ல நம்ம நம்பர் இல்லைன்னு தெரியறப்போ வயித்துல ஒண்ணு புரளுமே, அதே ஃபீலிங்! கை தனியா என் உள்ளங்கையில் கிடக்குது. அதைவிடப் பெரிய சோகம், அது நான் காசு கொடுத்து வாங்கினதும் இல்லை. ஜப்பான்ல வேலைக்குச் சேர்ந்த பெரியப்பா பையன், தன் முதல் சம்பளத்துல எனக்குன்னு வாங்கி அனுப்பினது. டோக்கியோவில் நாகானோ பிராட்வேன்னு ஒரு பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் இருக்கு. பழைய பொம்மை, காமிக்ஸ் தேடுறவங்களுக்கு அது கோயில் மாதிரி. அங்கே கடை கடையா ஏறி இறங்கித் தேடினாராம் அண்ணன்.

‘பொங்கலுக்கு வர்றேன்டா. நீ பிளேனை ரோபோவா மாத்துறதை நேர்ல பார்க்கணும்’னு போன்ல வேற சொல்லிட்டாரு. பொங்கலுக்கு இன்னும் நாலு மாசம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? கையையும் உடம்பையும் பெட்டிக்குள்ள வெச்சு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிட்டேன். அரியர் பேப்பரை வீட்ல மறைக்கிற அதே டெக்னிக்!

முதல்ல, இது என்ன பொம்மை?

ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுற ராட்சத ரோபோக்களை ‘மெக்கா’ன்னு சொல்வாங்க. மெக்கானிக்கல்ங்கிற வார்த்தையை ஜப்பான்காரங்க சுருக்கி வெச்ச பேர். என் கட்டிலுக்கு அடியில் தூங்கினது வி.எஃப்-1 வால்கைரி. 1982 அக்டோபரில் ஜப்பான் டி.வி.யில் ஆரம்பிச்ச ‘மேக்ராஸ்’ கார்ட்டூன் தொடரோட ஹீரோ விமானம். டிசைன் பண்ணவர் ஷோஜி கவமோரி. அப்போ அவருக்கு வயசு 22. நம்ம ஃபைனல் இயர் சீனியரைவிட ஒரு வயசு கூட, அவ்வளவுதான் பாஸ்!

அமெரிக்காவோட எஃப்-14 டாம்கேட் விமானத்தை மனசுல வெச்சு வரைஞ்ச அவர், அதுக்கு மூணு உருவம் கொடுத்தார். முழு விமானம், முழு ரோபோ, ரெண்டுக்கும் நடுவில் கை கால் மட்டும் முளைச்ச ‘கெர்வாக்’. கவமோரிகிட்ட ஒரு பழக்கம். பேப்பர்ல வரைஞ்சா மட்டும் போதாது, லெகோ கட்டைகளை வெச்சு, நிஜமாவே மடங்குதான்னு செஞ்சு பார்ப்பார். ‘டிராயிங்ல ஓகே, வொர்க்‌ஷாப்ல பணால்’னு முழிக்கிற நமக்கு அந்த லெகோ டெக்னிக் ரொம்பவே தேவை!

டகடோகு என்ற கம்பெனி இதை 1/55 அளவு பொம்மையாக் கொண்டு வந்தது. 1984-ல் அந்தக் கம்பெனியே திவால். ஆனா பொம்மை சாகலை. அடுத்த வருஷமே அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, அதே பொம்மையை ‘ஜெட்ஃபயர்’னு பேர் மாத்தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் வித்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸோட பிறந்த கதையும் இப்படித்தான். டகாரா கம்பெனியோட டயாக்ளோன், மைக்ரோமேன் பொம்மைகளை ஜப்பான்லேருந்து எடுத்துட்டுப் போய், புதுசா பேரும் கதையும் கொடுத்து 1984-ல் ஹாஸ்ப்ரோ கடைக்குக் கொண்டு வந்தது. நம்ம ஆப்டிமஸ் பிரைம் லாரியும் அந்தக் கூட்டத்துல வந்ததுதான். அந்த டிசைன்லயும் கவமோரி கை உண்டு. 2007-ல் வந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்துட்டு ‘அமெரிக்கா ரோபோ சூப்பர்’னு கை தட்டினோமே... பூர்வீகம் ஜப்பான் பொம்மைக் கடை!

எதிர்க்கட்சித் தலைவர், என் ரூம்மேட்

என் ரூம்மேட்டுக்கு உருமாறும் பொம்மைன்னாலே இளக்காரம். அவன் கட்சி மாடல் கிட். ஷெல்ஃப்ல புக் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கன்டம் ரோபோ அணிவகுத்து நிக்கும்.

“மச்சி, நீ வெச்சிருக்கிறது எவனோ ஃபேக்டரியில் கட்டினது. நான் வெச்சிருக்கிறது நான் கட்டினது!” இது அவன்.

“உன்னோடது ஒரே போஸ்ல சிலை மாதிரி நிக்குது. என்னோடது பறக்கும், நடக்கும்!” இது நான்.

அவன் கட்சிக்கும் பெரிய வரலாறு இருக்கு. ‘மொபைல் சூட் கன்டம்’ தொடர் 1979 ஏப்ரலில் ஆரம்பிச்சது. பார்க்க ஆள் இல்லை. ஸ்பான்சர் கிளோவர் பொம்மைக் கம்பெனி. 52 எபிசோடு போக வேண்டியதை 43-லேயே மூட்டை கட்டிட்டாங்க. 1980 ஜனவரியில் கதை முடிஞ்சது. அவ்ளோதான்னு எல்லாரும் நினைச்ச நேரத்துல, அதே வருஷம் ஜூலையில் பண்டாய் கம்பெனி ஒரு சின்னப் பெட்டியை இறக்குச்சு. உள்ளே 1/144 அளவு கன்டம் கிட். விலை 300 யென். ஸ்கூல் பசங்க பாக்கெட் மணிக்கே வாங்குற விலை. பத்திக்கிச்சு! ஃபெயிலான சீரியலை பிளாஸ்டிக் கிட் பாஸ் பண்ண வெச்சது. கன்டமையும் பிளாஸ்டிக் மாடலையும் சேர்த்து ‘கன்ப்ளா’ன்னு பேரே வந்துடுச்சு.

இன்னிக்கு வர்ற கிட்டுக்கு கோந்து வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டும் அதோட கலர்லயே வார்த்து வரும். பின்னை ஓட்டையில் அழுத்தினா ‘க்ளிக்’. எச்.ஜி., எம்.ஜி., பி.ஜி.ன்னு கிரேடு வேற உண்டு. கதையில் 18 மீட்டர் உயரம் இருக்கிற கன்டம், 1/144 எச்.ஜி.யில் 12.5 சென்டிமீட்டர், 1/100 எம்.ஜி.யில் 18 சென்டிமீட்டர், 1/60 பி.ஜி.யில் 30 சென்டிமீட்டர். கன்ப்ளா தயாராகிறது டோக்கியோவுக்குத் தென்மேற்கே இருக்கிற ஷிசுவோகா ஊர்ல. டமியா, ஹசேகவா, அயோஷிமா மாதிரி மாடல் கிட் ஜாம்பவான்கள் எல்லாருக்கும் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். பட்டாசுக்கு சிவகாசி மாதிரி, மாடல் கிட்டுக்கு ஷிசுவோகா!

ரெண்டும் ஏன் ஒண்ணா வராது?

‘அட, உருமாறுற மாதிரியே ஒரு கிட் செஞ்சா பஞ்சாயத்து தீர்ந்ததே’ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பதில் நம்ம செகண்ட் இயர் சிலபஸ்லயே இருக்கு.

விமானம் ஒல்லியா இருந்தாத்தான் அழகு. ரோபோவுக்குத் தோளும் நெஞ்சும் அகலமா இருக்கணும். அதே பார்ட் ரெண்டு வேஷமும் போடணும்னா எங்கேயாவது விட்டுக்கொடுத்தே ஆகணும். ஹசேகவா கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? 1/72 வால்கைரி கிட்டை விமானம் தனிப் பெட்டி, ரோபோ தனிப் பெட்டின்னு பிரிச்சே வித்தது. உருமாறவே மாறாது. ஆனா விமானம்னா அசல் விமானம். மூக்குலேருந்து வால் வரைக்கும் அந்தக் கோடு அவ்வளவு சுத்தமா வரும்.

உருமாறுற கிட்டும் இல்லாம இல்லை. 1985-ல் வந்த ‘ஸீட்டா கன்டம்’ ரோபோ, விமானமா மாறும். அதுக்கு உருமாறும் எம்.ஜி., பி.ஜி. கிட்டெல்லாம் உண்டு. ரூம்மேட்டோட ஷெல்ஃப்ல ஒண்ணு இருக்கு. கட்டி முடிச்ச ராத்திரி பத்து தடவை மாத்திக் காட்டினான். இப்போ தொட விடமாட்டான். காரணம், இடுப்பு லூஸ். வெறும் அழுத்தத்துல நிக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் மூட்டு, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். உருமாறும் பொம்மை செய்யறவங்க அதுக்காகத்தான் ஸ்க்ரூ, இரும்பு பின், சில இடத்துல ஜிங்க் உலோகம்னு உள்ளே போடுறாங்க. விலையும் அங்கேதான் ஏறுது. நல்ல உருமாறும் வால்கைரி ஒண்ணு வாங்குற காசுக்கு, சின்ன எச்.ஜி. கிட் பத்தாவது வாங்கலாம்.

ஆக, கணக்கு இதுதான். கிட்டோட சந்தோஷம் கட்டுறதுல இருக்கு. கடைசி பார்ட்டை மாட்டினதும் பாதி சந்தோஷம் முடிஞ்சுடும். உருமாறும் பொம்மையோட சந்தோஷம் ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் அதோட ஆயுசுலேருந்து கொஞ்சம் செலவாகும். பயன்படுத்தினா தேயுது, பயன்படுத்தலைன்னா பொம்மையே இல்லை. இந்த வம்புக்கு நடுவுலதான் நான் மாட்டினேன்.

“இதைக் கட்டு... அப்புறம் அதைத் தொடு!”

கட்டிலுக்கு அடியில் பெட்டி தூங்கி ஒரு மாசம் ஆச்சு. ஒருநாள் தைரியம் வந்து, ரெண்டு சொட்டு ஃபெவிக்விக் விட்டு தோளை ஒட்டினேன். ஒட்டிக்கிச்சு! மறுநாள் காலையில் லேசாத் திருப்பினேன். அதே இடத்துல ‘டக்!’ யோசிச்சுப் பாருங்க. உடைஞ்ச முகம் தீக்குச்சி முனை அளவு. அதுல மொத்தக் கையோட லோடும் விழுந்தா பசை எப்படித் தாங்கும்? போதாக்குறைக்கு வழிஞ்ச பசை பக்கத்து மூட்டையும் இறுக்கிப் பிடிச்சுடுச்சு.

ரூம்மேட் அன்னிக்குத்தான் பார்த்தான். சிரிப்பான்னு எதிர்பார்த்தேன். சிரிக்கலை. ஷெல்ஃப் மேலேருந்து பிரிக்காத எச்.ஜி. பெட்டி ஒண்ணை எடுத்து நீட்டினான். “மச்சி, முதல்ல இதைக் கட்டு. அப்புறம் அந்தக் கையைத் தொடு.”

நாலு ராத்திரி ஆச்சு. கிட் பெட்டியில் பார்ட்டெல்லாம் ‘ரன்னர்’ங்கிற பிளாஸ்டிக் சட்டத்துல ஒட்டிட்டு இருக்கும். ஒரே வெட்டுல பார்ட்டை ஒட்டி வெட்டினா அந்த இடம் வெள்ளையாப் பூக்கும். அதனால முதல் வெட்டு தள்ளி, ரெண்டாவது வெட்டு கிட்டே. மிச்சத்தைக் கத்தியால் சீவணும். 400, 600, 1000-னு நம்பர் ஏத்திக்கிட்டே உப்புத்தாள் போடணும். மொத நாள் அவசரத்துல, தலையில் இருக்கிற ‘வி’ கொம்போட நுனியைக் காலி பண்ணேன். நாலாவது நாள் முழங்கால் மூட்டு எனக்குப் புரிஞ்சது. எந்தப் பார்ட் எதுக்குள்ள உட்காருது, எந்தப் பக்கம் அழுத்தினா வழுக்கும், எந்தப் பக்கம் அழுத்தினா உடையும்னு விரலுக்கே தெரிய ஆரம்பிச்சது.

அப்போதான் ஒரு விஷயம் உறைச்சது. வால்கைரியோட கையை முதல்ல திருப்பிட்டு அப்புறம் இழுக்கணும். நான் திருப்பாமலே இழுத்திருக்கேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாததால, எது தடுக்குதுன்னும் தெரியலை. பலத்தை மட்டும் போட்டேன்!

அடுத்த வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், சர்க்யூட் போர்டுல ஓட்டை போடுற 1 மில்லிமீட்டர் டிரில் பிட் வாங்கிட்டு வந்தேன். கையாலேயே திருகுறதுக்கு ஒரு பிடியும் வாங்கினேன். ரூம்மேட்டோட கண்டிஷன், “முதல்ல வேஸ்ட் ரன்னர்ல இருபது ஓட்டை!” போட்டேன். அப்புறம்தான் தோள். உடைஞ்ச ஒரு முகத்துல துளி பெயின்ட் வெச்சு, மறு முகத்தோட ஒத்தினா ரெண்டுலயும் ஒரே இடத்துல புள்ளி விழும். ரெண்டு புள்ளியிலும் ஓட்டை. பேப்பர் க்ளிப்பை நறுக்கி நடுவுல பின்னாச் சொருகி, அதுக்கு மேலதான் பசை. இப்போ லோடைத் தாங்குறது பசை இல்லை, கம்பி. கான்கிரீட்டுக்குள்ள கம்பி வைக்கிற அதே லாஜிக்! ஒருநாள் முழுக்கத் தொடாம காய விட்டேன்.

முதல் தடவை திருப்பிப் பார்க்கிறப்போ ரூம்மேட் டியூப்லைட்டுக்கு நேரா டார்ச் வேற அடிச்சுட்டு நின்னான். சத்தம் வரலை. ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசவே இல்லை!

பராமரிப்பு: நாங்க அடிபட்டுக் கத்துக்கிட்டது

* வெள்ளைக் கோடு தெரிஞ்சா ஸ்டாப்! வளைஞ்ச பிளாஸ்டிக் வெளுத்தா, உள்ளே நுண்ணிய விரிசல் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அந்த மூட்டை இனிமே மெதுவாத்தான் தொடணும்.

* பாதி மாத்தின நிலையில் வெச்சுட்டுப் போகாதீங்க. முறுக்கி, இழுத்த நிலையில் மாசக்கணக்கா இருந்தா பிளாஸ்டிக் அப்படியே தளர்ந்துடும். மெட்டீரியல் சயின்ஸ்ல ‘க்ரீப்’னு படிச்சோமே, அதேதான்.

* மூட்டு டைட்டா இருந்தா சிலிக்கான் கிரீஸ் துளி. சைக்கிள் செயினுக்கு, கதவுக் கீலுக்குப் போடுற எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில பிளாஸ்டிக்கை அது கெடுத்துடும்.

* மூட்டு லூஸா இருந்தா, பந்து மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ் மெல்லிசா ஒரு கோட். முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் மாட்டணும். அவசரப்பட்டா ஜாயின்ட் மொத்தமா ஒட்டிக்கும்.

* கிட்டோட கோடுகளில் எனாமல் மை இறக்குறப்போ ஜாக்கிரதை. தின்னர் ஊறினா ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மூட்டு வெடிச்சுப் பிளக்கும்.

* வெயில் படுற ஜன்னலோரம் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டா வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

* ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கிற பி.வி.சி. பார்ட், கிட் பிளாஸ்டிக்கை ஒட்டி மாசக்கணக்கா இருக்கக் கூடாது. அதுலேருந்து கசியுற ரசாயனம் மத்ததை இளக்கிடும்.

* செகண்ட்ஹேண்ட்ல பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாங்கினா, தங்கத் துகள் கலந்த மாதிரி மினுக்குற பிளாஸ்டிக் இருக்கான்னு பாருங்க. 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த அந்த ரகம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதை மட்டும் மாத்திப் பார்க்காம அலமாரியில் வைக்கிறதே நல்லது.

பொங்கல் ரிசல்ட்!

அண்ணன் வந்தாரு. பையை வெச்ச கையோட, “எங்கேடா பிளேன்?”

கொடுத்தேன். மறைக்கலை. “அண்ணா, வலது தோள் உடைஞ்சு போச்சு. என் தப்புதான். நானே சரி பண்ணியிருக்கேன்”னு சொல்லிட்டேன். தொண்டை கொஞ்சம் அடைச்சது. அவர் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு அந்தக் கோட்டைப் பார்த்தார். மெல்லிசா ஒரு தழும்பு தெரியத்தான் செய்யும்.

“உள்ளே என்ன போட்ட?”

“பேப்பர் க்ளிப்புண்ணா.”

சிரிச்சுட்டார். “சரி, மாத்திக் காட்டு.”

மாத்தினேன். கால் இறங்குச்சு, மூக்கு மடங்குச்சு, கை வெளியே வந்தது. தோள்ல கை வைக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சேன். முதல்ல திருப்பினேன். அப்புறம் இழுத்தேன். வந்தது! ரோபோ எழுந்து நின்னுச்சு. வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு சுண்டு லூஸ். பரவாயில்லை, நிக்குது.

பின்னாலேருந்து அம்மா, “இருபது வயசாச்சு, இன்னும் பொம்மை! அவனைக் கெடுக்கிறதே நீதான்டா”ன்னு அண்ணனுக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. ஆனா வடை தட்டுறதுக்கு நடுவுல, “அந்தக் கால் எப்படிடா உள்ளே போச்சு? இன்னொரு தடவை செய்”னு கேட்டதும் அவங்கதான்!

ஹாஸ்டல் திரும்பினதும் ரூம்மேட்கிட்ட வால்கைரியைக் கொடுத்து, “நீ ஒரு தடவை மாத்து மச்சி”ன்னேன். உருமாறும் பொம்மைன்னா இளக்காரம் பேசினவன், முக்கால் மணி நேரம் குனிஞ்ச தலை நிமிரலை. எனக்கு ரெண்டாவது கிட் பாதியில் நிக்குது. பஞ்சாயத்து இன்னும் முடியலை. தீர்ப்பு சொல்லவும் நான் தயாரில்லை. ஆனா ஒண்ணு சொல்வேன். கட்டிப் பார்த்ததுக்கு அப்புறம்தான் எனக்கு மாத்தத் தெரிஞ்சது. உடைஞ்சதுக்கு அப்புறம்தான் கட்டவே உட்கார்ந்தேன்.

உங்க கட்டிலுக்கு அடியிலும் உடைஞ்சுபோச்சேன்னு பயந்து தள்ளி வெச்ச ஒரு பெட்டி இருக்கா? இந்த ஞாயித்துக்கிழமை வெளியே இழுங்க பாஸ். பேப்பர் க்ளிப்பைக் கையோட எடுத்துக்குங்க. ஆனா முதல்ல வேஸ்ட் ரன்னர்ல இருபது ஓட்டை... மறந்துடாதீங்க!